உம்மாவுக்கு ஓர் இடம்: காசாபிளாங்காவின் ஒரு மஹல்லாப் பள்ளி

கொழும்பிலிருந்து மொரோக்கோவுக்குப் போகும் நம்மவர்கள் காசாபிளாங்காவில் இறங்கினால், கடலோரத்தில் நிற்கும் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசலைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே மராகெஷுக்கோ ஃபெஸுக்கோ புறப்பட்டுவிடுவார்கள். 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பள்ளியின் மினாரா எனும் கோபுரம் 200 மீற்றர் உயரம் என்பதையும், உள்ளே 25,000 பேர் தொழலாம் என்பதையும், அதன் கூரை திறந்து மூடக்கூடியது என்பதையும் பலர் எழுதிவிட்டார்கள். நானும் அதைப் பார்த்தேன், வியந்தேன். ஆனால் மூன்று வாரங்கள் நாள்தோறும் நான் தொழுத பள்ளி அதுவன்று. நகரின் தென்மேற்கே ஹை ஹஸனி என்னும் குடியிருப்புப் பகுதியில், நான்கைந்து மாடித் தொடர்வீடுகளுக்கு நடுவே, மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் உள்ள ஒரு தெருவின் முனையில் அமைந்த மஹல்லாப் பள்ளி ஒன்றைப் பற்றியே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அது பார்வையாளர்களுக்காகத் திறந்துவைக்கப்பட்ட இடமன்று. அக்கம்பக்கத்தார் ஐவேளையும் வந்துபோகும் இடம். அந்நகரின் புதிய குடியிருப்புகளில் இதைப் போன்ற பள்ளிகள் வேறும் உள்ளன. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

என்னுடன் வந்தவர் என் உம்மா, என் தாய். அவருக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. படி ஏறுவது பெரும்பாடு. தம்பி அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனுடைய குழந்தையைப் பார்ப்பதற்காக டிசம்பர் மாதத்தில் போனோம். எந்தப் பள்ளியையும் மதிப்பிடுவதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உம்மா அங்கே போய், வுழூச் செய்து (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி), தொழுது, யாருடைய தோளையும் பிடிக்காமல் திரும்ப முடியுமா? அழகும் உயரமும் அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோல் எனக்குள் உருவானதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கொழும்பில் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அசர் எனும் பிற்பகல் தொழுகை தப்பிவிடும் நிலை வந்தது. முச்சக்கரவண்டியை ஒரு பள்ளியின் முன்னால் நிறுத்தி, உம்மா தொழுவதற்கு ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டேன். வாசலில் இருந்த பெரியவர் கடுமையாகப் பேசவில்லை. பெண்களுக்கு இடமில்லை, மகள் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் சொன்னது உண்மையும்கூட, அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் இடம் கட்டப்படவேயில்லை. உம்மா முச்சக்கரவண்டியில் அமர்ந்தபடியே, போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே, தலையைக் குனிந்து நிமிர்ந்து தொழுது முடித்தார். பெண்களுக்கு இடம் ஒதுக்கியுள்ள பள்ளிகள் கொழும்பில் இல்லாமலில்லை. இருந்தாலும் அவற்றுள் பலவற்றில் அந்த இடம் மேல்மாடியில், குறுகிய படிக்கட்டுக்கு அப்பால் இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவருக்கு இரண்டாவது மாடியில் இருக்கும் இடம் இல்லாத இடத்துக்குச் சமம்.

ஹை ஹஸனியில் நாங்கள் தொழுத பள்ளி வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிமையானது. மொரோக்கோவின் வழக்கப்படி மினாரா சதுர வடிவில், ஒரே தடிப்பில் மேலெழுகிறது. உச்சியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செப்பு உருண்டைகள். பக்கத்துத் தொடர்வீடுகளை விட அது சிறிதளவே உயரம். சுவர்கள் வெள்ளைச் சாந்து பூசிய கொங்கிரீட். ஸெல்லீஜ் எனப்படும் வண்ண ஓட்டுச் சித்திர வேலை வாசல் வளைவைச் சுற்றியும் உள்ளே மிஹ்ராப் எனும் தொழும் திசை காட்டும் மாடத்தைச் சுற்றியும் மட்டும்தான் இருக்கிறது. சுவர் முழுக்க அதைப் பதிக்கப் பணம் போதாமல் விட்டிருக்கலாம். எதுவாயினும் அந்த அடக்கம் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்துகிறது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் மெக்னெஸ் நகரில் ஒரு பழைய பள்ளியின் மினாரா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் இடிந்து விழுந்து 41 பேர் இறந்த பிறகு, நாடு முழுவதும் பள்ளிகளின் கட்டட உறுதி சோதிக்கப்பட்டது.

என்னை முதலில் நிற்கவைத்துப் பார்க்கச் செய்தது வாசல்தான். ஆண்களின் கதவும் பெண்களின் கதவும் ஒரே முகப்பில், ஒரே பெருந்தெருவைப் பார்த்தபடி, ஒரே வேலைப்பாட்டோடு இருக்கின்றன. பெண்களின் கதவு பின்புற ஒழுங்கையில் இல்லை. குப்பைத் தொட்டியைக் கடந்து போகவேண்டியதில்லை. இரண்டு கதவுகளுக்கும் முன்னால் மூன்று படிகள். பெண்களின் கதவுக்கு அந்த மூன்று படிகளோடு பக்கவாட்டில் ஒரு சாய்தளமும், அதன் ஓரத்தில் இரும்புக் கைப்பிடியும் உள்ளன. தம்பியை அளந்து பார்க்கச் சொன்னேன். படிகளின் மொத்த உயரம் 45 சென்ரிமீற்றர். சாய்தளத்தின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். அதாவது ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். சக்கரக் கதிரையை ஒரு பெண் தனியாகத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்கு வேண்டிய சாய்வு அதுதான். நம்மூரில் சாய்தளம் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் ஏற்றும் பலகையைப் போன்று கட்டி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். உம்மா முதல் நாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறினார். ஏறி முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்து, “நான் தனியத்தான் வந்தேன் மகள்” என்றார்.

வுழூச் செய்யும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நாம் ஹவுழ் எனும் நீர்த்தொட்டியில் கை நனைத்துப் பழகியவர்கள். கொழும்பின் வெப்பத்தில் குளிர்ந்த நீர் ஓர் ஆறுதல். காசாபிளாங்காவின் டிசம்பரில், ஸுபஹு எனும் அதிகாலைத் தொழுகையின் நேரத்தில், குழாய் நீர் எலும்பைத் தொடும். முதல் நாள் உம்மா தயங்கித் தயங்கிக் குழாயைத் திறந்தார். வந்தது இளஞ்சூடான நீர். சுருக்கம் விழுந்த அந்தக் கைகளை நீருக்கடியில் வைத்தபடி சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டார். பிறகு நீர் வீணாகிறதே என்று அவரே குழாயை அடைத்தார். கூரையில் உள்ள சூரிய வெப்பக் கலங்களிலிருந்து அந்த நீர் வருவதாகத் தம்பி சொன்னான். மொரோக்கோ அரசு 2014ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமொன்றில், 2019ஆம் ஆண்டுக்குள் 600 பள்ளிவாசல்களுக்குச் சூரிய மின்கலங்களும் நீர் சூடாக்கிகளும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மின்குமிழ்களும் பொருத்த இலக்கு வைத்தார்கள். மராகெஷின் 12ஆம் நூற்றாண்டுக் குதுபிய்யாப் பள்ளிகூட அதில் சேர்க்கப்பட்டது. வருடம் முழுக்க வெயில் காயும் நம் நாட்டில் பள்ளிக் கூரைகளில் இப்படிச் செய்வதற்கு என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குழாயின் முன்னாலும் கல்லால் கட்டிய ஒரு சிறு இருக்கை இருக்கிறது; உட்கார்ந்து கால் கழுவலாம். ஒரு பேசினின் விளிம்பில் கால் தூக்கி வைக்க முடியாத வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, வயதான உம்மாவோ மாமியோ வீட்டில் உள்ளவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தொழும் மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில், உள்ளங்கை அளவில் வழுவழுப்பான ஒரு கருங்கல் ஒரு மாடத்தில் வைக்கப்பட்டிருந்தது. முதலில் அதன் பயன் எனக்கு விளங்கவில்லை. நீர் பட்டால் நோய் கூடும் நிலையில் உள்ளவர்கள் நீருக்குப் பதிலாகத் தொட்டுத் தயம்மும் செய்வதற்கான கல் அது. மொரோக்கோவில் பின்பற்றும் மாலிக்கி மத்ஹபில் (சட்ட மரபில்) கல்லில் தயம்மும் செய்யலாம். நம் ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். பல கைகள் பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி எண்ணெய் தடவியது போல மின்னியது.

பெண்களின் தொழும் இடம் தரைத்தளத்தில், பிரதான மண்டபத்தின் பின்பகுதியில் இருக்கிறது. நடுவில் தேவதாரு மரத்தால் செய்த சல்லடைத் தட்டி. அதன் துளைகள் வழியாக நமக்கு மிஹ்ராபும் இமாமின் வெள்ளை ஜெல்லாபா அங்கியும் தெரிகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நாம் தெரிவதில்லை. இமாம் ருகூஃவில் குனிந்திருக்கிறாரா, ஸஜ்தாவில் நெற்றி பதித்திருக்கிறாரா என்று ஒலிபெருக்கியை மட்டும் நம்பி ஊகிக்க வேண்டியதில்லை. தரையில் சிவப்புக் கம்பளம். சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்குப் பாய் பொருத்தியிருக்கிறார்கள், சாய்ந்து உட்கார்ந்தால் சுவரின் குளிர் முதுகில் ஏறாது. பின்வரிசையில் மரக் கதிரைகள் எட்டு. நான் போன நாட்களில் ஒன்றேனும் எப்போதும் காலியாக இருந்தது. சில நாட்கள் கழித்து, ஓரத்துக் கதிரையில் வேறு யாரும் உட்காராமல் பக்கத்து வீட்டுப் பெண்கள் உம்மாவுக்காக விட்டுவைக்கத் தொடங்கினார்கள்.

சிறுவயதிலிருந்து கிப்லா எனும் தொழும் திசை என்றால் எனக்குக் கடலின் பக்கம். கொழும்பில் நாம் மேற்கைப் பார்த்துத் தொழுகிறோம். சூரியன் இறங்கும் திசை, காலிமுகத்திடலின் திசை. காசாபிளாங்காவில் கிப்லா கிழக்கு. கடல் முதுகுக்குப் பின்னால். மக்காவின் ஒரே கஃபாவை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து பார்த்து நிற்கிறோம் என்பது எனக்கு அறிவால் முன்பே தெரியும். ஆனாலும் முதல் தொழுகையில் கை கட்டியபோது அது உடம்புக்குத் தெரிந்தது.

கை கட்டியது நானும் உம்மாவும் மட்டும்தான் என்பதையும் உடனே கவனித்தேன். மாலிக்கிகளில் பெரும்பாலோர் கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கிறார்கள். இமாம் பாத்திஹா அத்தியாயத்தை பிஸ்மி சொல்லாமல் நேரே அல்ஹம்து என்று தொடங்குகிறார்; ஒரு பக்கம் மட்டுமே ஸலாம் கொடுத்து முடிக்கிறார். முதல் ஸுபஹில் இரண்டாவது ரக்அத்தின் ருகூஃவிலிருந்து எழுந்ததும் உம்மா குனூத் எனும் பிரார்த்தனைக்காகக் காத்து நின்றார். ஜமாஅத் முழுவதும் ஸஜ்தாவுக்குப் போய்விட்டது. இங்கே குனூத் இல்லையா என்று பிறகு கவலையோடு கேட்டார். இருக்கிறது, அவர்கள் ருகூஃவுக்கு முன்பே, சத்தமின்றி ஓதிவிடுகிறார்கள். நம்மைப் போலவே ஸுபஹில் குனூத் ஓதுபவர்கள்தான் என்று கேட்ட பிறகு உம்மாவின் முகம் தெளிந்தது. கொழும்பிலிருந்து போகும் ஷாஃபிஈகள் இந்த வேறுபாடுகளை முன்கூட்டியே அறிந்துகொண்டு போவது நல்லது. நாங்கள் எங்கள் முறையிலேயே தொழுதோம். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓதலும் வேறு. குர்ஆனை ஓதும் முறைகளில், நாம் ஹஃப்ஸ் அறிவிப்பின்படி ஓதுகிறோம். அவர்கள் வர்ஷ் அறிவிப்பின்படி. பாத்திஹாவிலேயே நாம் நீட்டி ஓதும் “மாலிகி” அவர்களிடம் குறுகி “மலிகி” என்று வருகிறது. அலுமாரியிலிருந்து ஒரு முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) எடுத்துத் திறந்தபோது ஒரு வரியைக்கூட என்னால் தடுமாறாமல் ஓத முடியவில்லை. வட ஆப்பிரிக்காவின் மக்ரிபி எழுத்தில் ஃபாவின் புள்ளி எழுத்துக்குக் கீழே இருக்கிறது. காஃபுக்கு மேலே ஒரே ஒரு புள்ளி. நமக்கு ஃபாவாகத் தெரிவது அவர்களுக்குக் காஃப். ஐந்து வயதில் ஓதத் தொடங்கிய எனக்கு, மீண்டும் மத்ரஸாவின் முதல் நாள் போலிருந்தது. மஃரிப் எனும் மாலைத் தொழுகைக்குப் பிறகு யாரும் எழுந்து போவதில்லை. ஆண்கள் வட்டமாக அமர்ந்து ஒரே குரலில், ஒரே மூச்சில், ஒரு ஹிஸ்பு ஓதுகிறார்கள். ஸுபஹுக்குப் பிறகு இன்னொன்று. குர்ஆனில் 60 ஹிஸ்புகள். நாளுக்கு இரண்டு வீதம் மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சிறிய பள்ளியில் முழுக் குர்ஆனும் ஓதி முடிகிறது. முவஹ்ஹிதூன் அரசமரபின் ஆட்சியிலிருந்து, அதாவது 12ஆம் நூற்றாண்டிலிருந்து, வரும் வழக்கம் இது. தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள் சிலர் முஸ்ஹஃபில் விரல் வைத்துக் கூடவே உதடசைப்பார்கள். ஓதல் வேகமானது, இசைத்தன்மை குறைவு, மழை தகரத்தில் விழுவதைப் போன்ற ஒரு தொடர்ச்சி. அந்தப் பள்ளியில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் இந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன்.

ஜும்ஆவுக்கும் போனோம். நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருப்பதால் லுஹர் எனும் நண்பகல் தொழுகை அங்கே ஒன்றரை மணியளவில்தான் வருகிறது. நண்பகல் பன்னிரண்டுக்கே ஓடிவர வேண்டியதில்லை. இமாம் மிம்பர் மேடையில் அமர்ந்ததும் மூன்று முறை பாங்கு சொல்லப்படுகிறது. அதன் பிறகு ஒருவர் எழுந்து ஒரு ஹதீஸை (நபிமொழியை) ஓதினார்: இமாம் குத்பா உரை ஓதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதிரு என்று சொன்னாலும் நீ வீண்பேச்சுப் பேசியவனாகிவிட்டாய் என்னும் ஹதீஸ். என் கண்கள் கலங்கிவிட்டன. நம்மூர்ப் பழைய பள்ளிகளில் பாங்கு சொல்லும் மோதினார் மஃஷரா ஓதி, குத்பா ஓதும் கதீபின் கையில் கோலைக் கொடுக்கும்போது ஓதுவதும் இதே ஹதீஸ்தான். தெமட்டகொடையில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, வெள்ளிக்கிழமைதோறும் ஒலிபெருக்கி வழியாக அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஜும்ஆவுக்குள் அமர்ந்து அதைக் கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. குத்பா அரபியில் என்பதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. தொழுகைக்குப் பின்னர் தெரு முழுக்கக் குஸ்குஸ் வேகும் மணம். வெள்ளிக்கிழமைப் பகலுணவு அங்கே எல்லா வீட்டிலும் அதுதான்.

அசருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண்களின் மண்டபம் வகுப்பறையாகிவிடுகிறது. மொரோக்கோவின் பள்ளிவாசல்களில் எழுத்தறிவு வகுப்புகள் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. மார்க்க விவகாரங்களைக் கவனிக்கும் ஹபூஸ் அமைச்சு நடத்தும் இவ்வகுப்புகளில் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வெண்பலகையை இழுத்து நிறுத்தினார்கள். சிறு மேசைகள் வந்தன. ஐம்பதும் அறுபதும் கடந்த பெண்கள், பாடசாலைப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பிகளோடு கம்பளத்தில் அமர்ந்தார்கள். ஆசிரியை முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். ஒருவர் பின் ஒருவராகப் பலகைக்கு வந்து தம் பெயரையும் தம் தெருவின் பெயரையும் எழுதினார்கள். ஒரு மூதாட்டி தன் பெயரை எழுதி முடித்துவிட்டு, தள்ளி நின்று அதைப் பார்த்து, ஓர் எழுத்தை மட்டும் விரலால் அழித்து மீண்டும் எழுதினார்.

உம்மா பின்வரிசைக் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். தம்பியின் மனைவி அங்குள்ள பேச்சு அரபியில் மொழிபெயர்த்தாள். ஸரந்தீப் (இலங்கையின் பழைய அரபுப் பெயர்) என்றதும், இப்னு பதூதா போன நாடல்லவா என்றார் ஆசிரியை. தஞ்சாவில் (டான்ஜியரில்) பிறந்த அந்த மொரோக்கோப் பயணி 1344ஆம் ஆண்டு நம் தீவுக்கு வந்து, பாவாத மலை (சிவனொளிபாத மலை) ஏறி, கலன்பூ என்று கொழும்பையும் எழுதிவைத்திருக்கிறார். பிறகு உம்மாவிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நீங்களும் எழுதுங்கள் என்றார்கள். உம்மா தமிழ்ப் பாடசாலைக்குப் போனது மூன்று ஆண்டுகள்தான். ஆனால் எங்கள் பெத்தும்மா அவருக்கு அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் தமிழ், எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார். உம்மா பேனாவை வாங்கி, வலமிருந்து இடமாக, நிதானமாக ஒரு வரி எழுதினார்: “நான் கொழும்பில் இருந்து வந்தேன்.”

கொப்பி கைமாறிக் கைமாறிச் சென்றது. அந்தப் பெண்கள் அதைப் படித்தார்கள். பொருள் ஒரு சொல்லும் தெரியாது, எழுத்துகள் தெரியும். “நான்” எளிதாக வந்தது. “கொழும்பில்” என்ற சொல்லில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ழகரத்துக்கு அரபியில் எழுத்தில்லாததால் நம் முன்னோர் உருவாக்கிக்கொண்ட எழுத்து அவர்களுக்குப் புதிது. இது என்ன எழுத்து, எப்படி ஒலிப்பது என்று கேட்டார்கள். உம்மா நாக்கை மடித்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அந்த மண்டபத்தில் நாக்கை மடித்து ழ, ழ என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு மொரோக்கோப் பெண் என் உம்மா எழுதிய தமிழை விரல் வைத்துப் படித்ததை நான் பார்த்தேன், கேட்டேன். அன்றிலிருந்து உம்மா அந்த வகுப்பைத் தவறவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு முர்ஷிதாவும் (பெண் மார்க்க வழிகாட்டியும்) வந்து பெண்களின் மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். 2006ஆம் ஆண்டிலிருந்து அரசு பெண்களுக்குப் பயிற்சி அளித்து இந்தப் பணியில் அமர்த்துகிறது. உம்மா தன் முழங்காலைச் சொல்லி, கதிரைத் தொழுகையைப் பற்றிக் கேட்க நினைத்திருந்ததையெல்லாம் கேட்டார். ஒரு பெண்ணிடம் நேரில் கேட்க முடிந்ததால்தான் கேட்டார்.

குறைகளையும் சொல்லவேண்டும். பெண்களின் வுழூ இடத்தில் ஆறு குழாய்கள்தான். ஜும்ஆவன்று வரிசை வாசல் வரை நீளும், வீட்டிலேயே வுழூச் செய்துகொண்டு போவது நல்லது. வகுப்பு நடக்கும் நேரம் தவிர, தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் கதவுகளைப் பூட்டிவிடுகிறார்கள். லுஹருக்குப் பின் நிழலில் அமர்ந்து ஓய்வெடுக்கலாம் என்று வரும் பயணிக்கு அங்கே இடமில்லை. கொழும்புப் பெட்டாவின் பள்ளிகளில் நம் வியாபாரிகள் பகலில் தூணில் சாய்ந்து கண்ணயர்வதைப் பார்த்த எனக்கு இந்தப் பூட்டு உறுத்தியது. அறிவிப்புகள் எல்லாம் அரபியில் மட்டுமே. இடப்பக்க மூலையில் உள்ள ஒலிபெருக்கி கரகரக்கிறது. முன்வரிசையின் வலப்பக்கம் நின்றால் தெளிவாகக் கேட்கும். ஆண்களின் பகுதி விசாலமானது, சப்பாத்து வைக்கத் தூண்களைச் சுற்றித் தட்டுகள் உண்டு என்றான் தம்பி. அதற்கு மேல் அவனிடமிருந்து எதையும் பெற முடியவில்லை.

முஸ்லிமல்லாத வாசகர்களுக்கு ஒரு செய்தி. மொரோக்கோவில் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிமல்லாதவர்களை விடுவதில்லை. 1912இல் தொடங்கிய பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் முதல் ஆளுநர் லியோத்தேயின் காலத்தில் வந்த கட்டுப்பாடு அது, இன்றுவரை நிலைத்துவிட்டது. இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் போன்ற மிகச் சிலவே விதிவிலக்கு; அங்கே கட்டணம் செலுத்தி வழிகாட்டியோடு போகலாம். என் அலுவலகத் தோழி, சைவக் குடும்பத்தவர், அடுத்த வருடம் போகவிருக்கிறார். நான் சொன்ன மரத்தட்டியை அவரால் பார்க்க முடியாது, ஹிஸ்பு ஓதலையும் தெருவில் நின்றுதான் கேட்க முடியும் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம். பெட்டாவின் சிவப்புப் பள்ளிக்கு நான் அவரை அழைத்துப்போயிருக்கிறேன். 1909இல் கட்டி முடித்த அந்தப் பள்ளியின் படிகளில் எல்லா நாட்டவரும் காலணி கழற்றி ஏறுவதைப் பார்ப்பது எனக்குப் பெருமையாகவே இருந்திருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் நம்முடைய வழக்கமே சிறந்தது என்பேன்.

முஸ்லிம் பெண்களுக்கு நான் சொல்வது: தயங்காமல் போங்கள். தொழுகை உடுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலுறையும் கொண்டுபோங்கள், டிசம்பரில் தரை குளிரும். மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்பே போய், ஹிஸ்பு முடியும் வரை இருங்கள்.

திரும்பி வந்த மறுவாரம் எங்கள் மஹல்லாப் பள்ளியின் நம்பிக்கையாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். தரைத்தளத்தில் இப்போது பழைய பாய்களும் ஜனாஸாச் சந்தூக்கும் (இறந்தவரைச் சுமக்கும் பெட்டியும்) வைத்திருக்கும் அறையைப் பெண்களுக்காக ஒழுங்குபடுத்தித் தரவேண்டும், அதன் வாசலில் ஐந்தரை மீற்றரில் ஒரு சாய்தளம் கட்டவேண்டும், சந்தூக்குக்கு வேறிடம் தேட நாங்களும் உதவுவோம் என்று எழுதி, தம்பி எடுத்த படங்களையும் அளவுகளையும் இணைத்தேன். மஹல்லாவைச் சேர்ந்த பதினேழு பெண்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முதல் கையொப்பம் உம்மாவுடையது. அரபுத்தமிழில், வலமிருந்து இடமாக.